கதவின் கால் உக்கினால் கதவையே எறிவதா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் பக்கம் ஒரு வேலை மும்முரமாக நடக்கும், வாசல் கதவைக் கழற்றுவது. மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதியிலிருந்து அம்பாறை மாவட்டத்துக் கல்முனை வரைக்கும் வீதியோரமாக ஒருக்கால் போய்ப் பாருங்கள், மதிலோடு சாத்தி வைத்த பழைய மரக்கதவுகள் கண்ணில் படும். சில விறகுக்குப் போகும், சில கோழிக்கூட்டுக்குப் போகும். அந்த இடத்தில் அலுமினியக் கதவோ பிளாஸ்டிக் கதவோ வந்து நிற்கும். அவரவர் வீடு, அவரவர் காசு, அதில் எனக்குப் பேச ஒன்றுமில்லை. ஆனால் எறிகிற கதவைக் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு எறியுங்கள் என்பதுதான் இந்தக் கடிதம். அநேகமான கதவுகளில் பழுது அடியில் ஒரு சாண் உயரத்துக்குத்தான் இருக்கிறது. அதற்கு மேலே நல்ல முதிரை, நல்ல தேக்கு, இன்றைக்குக் காசைக் கையில் வைத்துக்கொண்டு தேடினாலும் மரம் விற்கிற மரக்காலையில் கிடைக்காத வைரம் பாய்ந்த மரம்.

எங்கள் வீட்டிலேயே நடந்த கதை. 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு வீட்டைத் திருத்திக் கட்டியபோது அப்பா போட்ட இரட்டை முதிரைக் கதவு. அடிச்சட்டம் உக்கி, விரலால் தொட்டால் தூள் கொட்டுகிற நிலைக்கு வந்துவிட்டது. கதவு செய்கிற ஓர் இடத்தில் கேட்டேன், வந்து பார்க்காமலே போனிலேயே சொல்லிவிட்டார்கள், “பழசு சரிவராது, புதுசு போடுங்க” என்று. அளவு கேட்டார்கள், விலை சொன்னார்கள், கதவு என்ன மரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் தெரிந்தவர் ஒருவர் மூலமாக வயதான ஓடாவியார் (தச்சர்) ஒருவரைப் பிடித்தோம். அவர் வந்ததும் முதலில் செய்தது, சட்டைப்பையில் இருந்த சின்னத் திருப்புளியை எடுத்துக் கதவை அடியிலிருந்து மேலாகக் குத்திக்கொண்டே போனது. அடியில் சதக் சதக்கென்று இறங்கியது. ஒரு சாண் தாண்டியதும் ‘டிக்’ என்று நின்றது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். “மகன், கதவில பழுதில்ல, கால்லதான் பழுது. கால வெட்டிப்போட்டுப் புதுக்கால் வைப்பம்” என்றார். அவ்வளவுதான் பரிசோதனை. இதை யாரும் தன் வீட்டில் இன்றைக்கே செய்து பார்க்கலாம், ஒரு திருப்புளி போதும். பெயின்ற் பளபளப்பாக இருக்கிறது என்று நம்ப வேண்டாம், பெயின்றுக்கு உள்ளேதான் உக்கல் ஓடும்.

ஏன் அடியில் மட்டும் உக்குகிறது? மரத்தை உக்க வைப்பது தண்ணீர் நேராக அல்ல, ஈரத்தில் வளர்கிற பூஞ்சணம். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அதற்குப் பிழைப்பில்லை. நெட்டாக நிற்கிற சட்டத்தின் அடி முனையில் மரத்தின் நார் எல்லாம் வெட்டுப்பட்டு வாய் திறந்து கிடக்கிறது, அந்த முனை வழியாகத் தண்ணீர் ஏறுகிற வேகம் பக்கவாட்டில் ஏறுவதைவிடப் பல மடங்கு கூட. முகத்துக்கு மூன்று பூச்சுப் பெயின்ற் அடிக்கிறோம், அடி விளிம்பு யார் கண்ணுக்கும் படாததால் அங்கே ஒரு சொட்டும் போவதில்லை. போதாக்குறைக்கு இப்போது எல்லா வீட்டிலும் பழைய சீமெந்துத் தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். தரை உயர்ந்ததும் கதவு முட்டும், டைல்ஸ்காரரே கதவைக் கழற்றி அடியில் அரை அங்குலம் வாளால் வெட்டிவிட்டு மாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பச்சை வெட்டு அப்படியே மாரியைச் சந்திக்கும். வீட்டுக்காரருக்குத் தரை மினுங்குகிற சந்தோஷம், கதவை யார் பார்த்தார்கள்?

எங்கள் ஊர்களின் அமைப்பையும் யோசிக்க வேண்டும். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையில் வீடு கடலைப் பார்த்தோ வடக்கைப் பார்த்தோ இருந்தால், நவம்பர், டிசம்பர் மழை வாடைக்காற்றோடு சரிந்து நேரே கதவில்தான் அடிக்கும். மழை விட்டாலும் தூவானம் விடாது, கதவு காயவே நேரமில்லை. மேற்கே பார்த்த கதவுக்கு வேறு வருத்தம், தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஈரமெல்லாம் உறிஞ்சப்பட்டுப் பலகை வெடிக்கும். ஆக, உங்கள் கதவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரியாமல் அதற்கு மருந்து சொல்ல முடியாது. விறாந்தை வைத்துக் கட்டிய பழைய வீடுகளின் கதவுகள் ஏன் அப்படியே இருக்கின்றன என்றால் மரம் நல்லது என்பது பாதிக் காரணம், மழை கதவை எட்டவே இல்லை என்பது மீதிக் காரணம். இப்போது விறாந்தையையும் அறையாக அடைத்து, முகப்பைத் தட்டையாக விட்டு, கதவுக்கு மேலே ஒரு முழம் தாழ்வாரம்கூட இல்லாமல் கட்டுகிறோம். கதவு என்ன செய்யும்?

சரி, திருத்துவதைப் பற்றிச் சொல்கிறேன், ஓடாவியார் பக்கத்தில் நின்று பார்த்ததும் பிறகு விசாரித்து அறிந்ததும். கதவைக் கழற்றி மேசையில் படுக்க வைக்க வேண்டும், நிற்க வைத்துக்கொண்டு செய்கிற வேலை அல்ல. பழைய கதவுகளில் சட்டங்கள் கழுந்தும் துளையுமாக, ஒன்றின் முனை மற்றதன் துளைக்குள் போகிற மாதிரிக் கோத்து மர ஆணி அடித்து இறுக்கியவை, பசை கிடையாது. அந்த மர ஆணியை மெதுவாகத் தட்டி வெளியே எடுத்தால் கதவு பகுதி பகுதியாகக் கழன்று வரும். எங்கள் கதவில் அடிக் குறுக்குச் சட்டம் முழுவதும் போய்விட்டது, அதைப் புதிதாகச் செய்ய வேண்டி வந்தது. நெட்டுச் சட்டங்களை உக்கின இடத்தோடு வெட்டாமல், நல்ல மரம் தொடங்குகிற இடத்துக்கும் இரண்டு அங்குலம் மேலே வெட்டினார், கண்ணுக்குத் தெரியாத பூஞ்சண நார் அதுவரைக்கும் போயிருக்குமாம். நேர்வெட்டு வெட்டவில்லை, நீளமான சாய்வாக வெட்டினார். சாய்வு நீண்டால் பசை பிடிக்கிற இடம் கூடும், அதோடு சாய்வு வெளிப்பக்கம் கீழே இறங்குகிற மாதிரி இருந்தால் பொருத்து வழியே தண்ணீர் உள்ளே ஏறாமல் வெளியே வழியும். புதுத் துண்டும் அதே முதிரை, நார் ஓடுகிற திசையும் அதே திசை. வேறு மரத்தை வைத்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கிப் பொருத்து விட்டுப்போகும்.

அந்தத் துண்டுக்கு மரம் எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். பழைய வீடு உடைத்த இடத்தில் வாங்கிய ஜன்னல் நிலை ஒன்று. இதை எல்லோருக்கும் சொல்வேன், திருத்த வேலைக்கு உடைத்த வீட்டு மரத்தைப் போல ஒன்றில்லை, பல பத்தாண்டு காய்ந்து, புதுமரம் போலச் சுருங்காத மரம். ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஓடாவியாரின் சீவுளி போய்விடும், அவருடைய நல்ல மனமும் போய்விடும்.

பசை விஷயத்தில் கவனம். கடைகளில் கிடைக்கிற சாதாரண வெள்ளை மரப்பசை வீட்டுக்குள் தளபாடத்துக்கு நல்லது, மழை படுகிற கதவுக்கு ஆகாது, நனைந்தால் இளகிவிடும். இரண்டு டியூப் கலந்து பூசுகிற எப்பொக்சிதான் வேண்டும். தேக்கும் முதிரையும் எண்ணெய்ப்பிடிப்புள்ள மரங்கள், ஆகையால் பசை பூசுவதற்குச் சற்று முன்னால் ஒட்டுகிற முகத்தைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு விலையான பசையும் பிடிக்காது. மரத்தூளையும் பசையையும் குழைத்து ஓட்டையில் அப்பி மேலே பெயின்ற் அடிக்கிற வேலை இருக்கிறதே, அது திருத்தம் அல்ல, உக்கலுக்குப் போர்வை. அடுத்த மாரியில் அந்த அப்பல் ஒரு கட்டியாகக் கழன்று கையில் வரும்.

நடுவில் இருக்கிற பலகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை சட்டத்தின் பள்ளத்தில் சும்மா செருகி நிற்க வேண்டியவை. மரம் நீளவாக்கில் பெரிதாக அசையாது, அகலவாக்கில்தான் மழைக்கு விரியும் வெயிலுக்குச் சுருங்கும். அந்தப் பள்ளத்தில் பசை ஊற்றியோ புட்டி அடைத்தோ பலகையை இறுக்கினால், சுருங்க இடமில்லாமல் நடுவால் பிளக்கும். பலகையோரத்தில் பெயின்ற் மெல்லியதாக வெடித்துக் கோடு தெரிவது குறை இல்லை, கதவு மூச்சு விடுகிறது என்று அர்த்தம்.

கதவைத் தாங்குகிற நிலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். கதவைவிட மோசமாக உக்குவது நிலையின் இரண்டு கால்கள், ஏனென்றால் அவற்றைத் தரைக்குள் இறக்கிச் சீமெந்தால் சுற்றி அடைத்துவிடுகிறோம். சீமெந்து தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், கால் அதற்குள் வருடம் முழுக்க நனைந்துகொண்டே நிற்கும். அந்த வழியாகத்தான் கறையானும் ஏறுகிறது. நிலைக்கும் சுவருக்கும் இடையில் மெல்லிய மண் கோடு தெரிந்தால் அதைச் சுரண்டி எறிந்துவிட்டு நிம்மதியாகப் படுக்க வேண்டாம், புற்று நிலத்துக்குள் இருக்கிறது, இரண்டு நாளில் பக்கத்தில் இன்னொரு கோடு போடும். தெரிந்தவர்களைக் கொண்டு மண்ணுக்கு மருந்து போட வேண்டும். கழிவு ஒயில் பூசுகிற பழக்கம் எங்களிடம் உண்டு, அது மேலே மட்டும் நிற்கும், அதன்மேல் பிறகு ஒரு பெயின்றும் பிடிக்காது. நிலைக்கால் உக்கியிருந்தால் நிலையைப் பெயர்த்தெடுக்கத் தேவையில்லை. தரையிலிருந்து அரை அடி, ஓரடி உயரத்தில் சாய்வாக வெட்டிப் புதுக்கால் பொருத்தலாம், அல்லது அந்த இடத்துக்குச் சின்னக் கொங்கிறீற் கட்டை ஒன்று வார்த்து அதன்மேல் மரத்தை உட்கார வைக்கலாம். நிலை வைப்பதற்கு நாள், நேரம், நல்லவர் கை எல்லாம் பார்க்கிற நாங்கள், அந்த நிலை எதில் நிற்கிறது என்று பார்ப்பதில்லை.

எல்லாக் கதவையும் திருத்தலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பிணைச்சல் (கீல்) பூட்டுகிற பக்கத்துச் சட்டம் மேலிருந்து கீழ் வரை போய்விட்டதென்றால், தட்டினால் கோதுச் சத்தம் கேட்கிற அளவுக்குக் கறையான் உள்ளே தின்றுவிட்டதென்றால், விட்டுவிடுங்கள். ஒட்டுப்பலகையில் செய்த கதவு வெளிவாசலுக்கு வந்ததே பிழை, அது அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டால் ஒட்டுப்போட இடமில்லை. சுனாமிக்குப் பிறகு அவசரமாகக் கட்டிய வீடுகள் சிலவற்றில் சரியாகக் காயாத மரத்தில் செய்த கதவுகளைப் பார்த்திருக்கிறேன், முறுகி முறுகி ஒரு மூலை எப்போதும் வெளியே நிற்கும், அதைத் திருத்துவதும் வீண் செலவு. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் நெல்லுக்கு வந்த யானை முட்டின கதவு என்றால் சட்டமே முறிந்திருக்கும், நிலையும் சுவரோடு ஆடியிருக்கும், அங்கே முதலில் பார்க்க வேண்டியது சுவரை.

புதிதாகச் செய்வதென்றால் மரம் காய்ந்ததா என்பதுதான் முதல் கேள்வி, என்ன மரம் என்பது இரண்டாவது. முதிரை, தேக்கு, பலா, வேம்பு எல்லாமே எங்கள் பக்கத்து வாசலுக்குப் பழகியவை. காணியில் நிற்கிற மரத்தை வெட்டிச் செய்வோம் என்று நினைப்பவர்கள் சட்டத்தையும் ஒருக்கால் நினைத்துக்கொள்ளுங்கள். பலாவும் ஈரப்பலாவும் பெண்பனையும் சொந்தக் காணியில் நின்றாலும் முன் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது, 1951 ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. காட்டு மரங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் ஏற்றுவதற்கும் வன இலாகாவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மலிவாக வருகிறது என்று இரவில் இறங்குகிற மரத்தை வாங்கிவிட்டு, பிறகு கதவும் இல்லாமல் காசும் இல்லாமல் நீதிமன்றத்துக்கு அலைந்தவர்களை அம்பாறைப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். மரக்காலையில் வாங்கினால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினியத்தைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். குளியலறைக்கு அது நல்லது, நானும் போட்டிருக்கிறேன். கடலோரத்தில் உப்புக்காற்றுக்கு அதன் பூச்சுக் கீறுப்பட்ட இடங்களில் வெள்ளைப் பொரி கிளம்பும், பிளாஸ்டிக் கதவு நேர் வெயிலில் நிறம் வெளிறி உடையத் தொடங்கும். பழுதானால் இரண்டையும் திருத்த ஆளில்லை, முழுதாக மாற்ற வேண்டியதுதான். உப்புக்காற்று மரக்கதவையும் விடாது, ஆனால் மரத்தை அல்ல, அதில் உள்ள இரும்பைத் தின்னும். பிணைச்சல், திறாங்கு (தாழ்ப்பாள்), ஆணி எல்லாம் பித்தளையிலோ துருப்பிடிக்காத உருக்கிலோ போட்டால் கொஞ்சம் விலை, ஆனால் இரும்பு ஆணி துருவேறினால் சுற்றியுள்ள மரமும் கறுத்து நொய்ந்து பிடி விட்டுப்போகும். புதுக்கதவு தொங்குகிறது என்று முறையிடுகிறவர்கள் முதலில் மேல் பிணைச்சலின் ஆணிகளைப் பார்க்கட்டும்.

இன்னொரு விஷயம், ஒவ்வொரு மார்கழியும் நடப்பது. மழைக்குக் கதவு ஊதி இறுகிவிடும், உடனே ஆளைக் கூப்பிட்டுச் சீவச் சொல்வார்கள். சீவினால் அன்றைக்குக் கதவு அழகாகச் சாத்தும். ஆவணியில் பார்த்தால் விரல் போகிற இடைவெளி, பல்லி போகும், பாம்பும் போகும். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு எத்தனை வீட்டில் இப்படி நனைந்த கதவைச் சீவிக் கெடுத்தார்கள்! நனைந்த கதவைச் சீவவே கூடாது. கழற்ற முடிந்தால் கழற்றி, நேர் வெயிலில் அல்ல, நிழலில் காற்றுப்படும் இடத்தில் தட்டையாக அடுக்கிக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகும் முட்டினால் முட்டுகிற இடத்தை மட்டும் மெல்லச் சீவி, சீவின இடத்துக்கு அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும்.

பெயின்ற் அடிக்கும்போது கதவுக்கு முகம் இரண்டு அல்ல, பக்கம் ஆறு. மேல் விளிம்பும் அடி விளிம்பும் சேர்த்து. கதவைக் கழற்றாமல் அடி விளிம்புக்கு அடிக்க ஓடாவியார் காட்டின வழி எனக்குப் பிடித்திருந்தது. பழைய கம்பளத் துண்டு ஒன்றை நீளமாக வெட்டி, ரோமப் பக்கத்தில் பெயின்றை ஊற்றி, கதவுக்கு அடியால் நுழைத்து, அந்தப் பக்கம் ஒருவர் இந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்துத் தேய்ப்பது. தரைக்கு ஒரு பேப்பர் விரித்துவிட்டால் போதும். எங்கள் வீட்டில் அதற்குப் பேத்தியைத்தான் மறுபக்கம் பிடிக்கச் சொன்னேன், கதவைவிட அவள் கைதான் நன்றாகப் பெயின்ற் ஆனது. பழைய பெயின்றைச் சுரண்டுகிற நேரத்தில் மட்டும் பிள்ளைகளை அண்ட விட வேண்டாம், பழைய எனாமலில் ஈயம் இருந்திருக்கலாம், காயத் தேய்த்தால் தூள் பறக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளைத் துணியால் ஒற்றி எடுப்பதுதான் பாதுகாப்பு.

கடைசியாக ஓடாவியார் கதவின் வெளிப்பக்கம் அடியில் ஒரு சரிவுச் சட்டம் வைத்துக் கொடுத்தார். இரண்டு விரல் அகலம்தான், அதன் அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு சின்னப் பள்ளம் சீவியிருக்கும். கதவின் முகத்தால் வழிந்து வருகிற மழை அந்தச் சரிவில் ஏறி வெளியே தள்ளப்படும், அடியால் திரும்பி உள்ளே வரப் பார்க்கிற தண்ணீர் அந்தப் பள்ளத்தில் அறுந்து சொட்டிவிடும். இந்தச் சின்னச் சட்டம் இருந்திருந்தால் பழைய கால் உக்கியே இருக்காது என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். கதவுக்கு மேலே ஒரு தகரத் தாழ்வாரமும், படியைக் கதவின் மட்டத்திலிருந்து நன்றாக இறக்கி வெளிப்பக்கம் வாட்டம் கொடுப்பதும் சேர்ந்தால் இன்னும் நல்லது, தெறிக்கிற தண்ணீர் எட்டாது.

இப்படித் திருத்தத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். புதுக்கதவு செய்ய ஆள் பிடிக்கலாம், பழையதைக் கழற்றிக் கால் வைக்க ஆள் பிடிப்பதுதான் பெரிய பாடு. எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. தச்சுப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பழைய கதவு ஒன்றைக் கொடுத்து, கழற்றிக் கால் மாற்றிப் பூட்டிக் காட்டச் சொல்லலாமே. வயதான ஓடாவிமார் இருக்கும்போதே அவர்களை அழைத்து இரண்டு நாள் செய்து காட்டச் சொன்னால் செலவு என்ன வரப்போகிறது? பிள்ளைகளுக்கும் அது கையோடு பிழைப்பு, ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் வேலை வரிசையில் நிற்கும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வீடு, கதவு பற்றிய விளம்பரப் பக்கங்கள் உங்கள் பத்திரிகையில் வருகின்றன, வரட்டும். புரட்டாதி மாதத்தில், மழைக்கு முன்னால், கதவின் அடி விளிம்புக்குப் பெயின்ற் அடியுங்கள் என்று ஒரு சின்னக் குறிப்பும் அதே பக்கத்தில் போடுவீர்களானால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆரையம்பதி.